கட்டையன் வீட்டு சனக்கணக்கு

எங்க ஊரு கூகைக்குளத்துல ஆம்பளைங்க வெள்ளைச் சட்டை போடுறதை விட்டு ரொம்ப வருசமாச்சு. கல்யாணமோ கருமாதியோ, மாப்பிள்ளையோ பஞ்சாயத்துத் தலைவரோ, மேலத்தெரு ஆம்பளை அத்தனை பேரும் அரக்குலயும் கருநீலத்துலயும்தான் திரியுறாங்க. ஏன்யான்னு வெளியூர்க்காரன் கேட்டா வெயிலுக்கு நல்லதும்பாங்க. வெயிலாவது மண்ணாவது! வெள்ளையில ரத்தம் பளிச்சுனு தெரியும், அதான் விசயம்.

அந்த ரத்தம் ஆரம்பிச்சது என் டீக்கடையிலதான், அதனால நான் சொன்னாத்தான் சரியா இருக்கும், மத்தவன் சொன்னா அவனவன் தாத்தனுக்கு மீசை வரைஞ்சு சொல்லுவான். ஒரு பங்குனி மாசக் காலையில சுகிர்தம் டீச்சர் பஸ்ஸை விட்டு எறங்குனா. தங்கவயல்ல பள்ளிக்கூடத்து டீச்சர், முப்பது வயசு சுமாருக்கு இருக்கும், ஒத்தைப் பின்னல், கையில ஒரு தகரப்பெட்டி. டீ வாங்கிக் குடிச்சுப்புட்டு, "அக்கா, இங்க கட்டையன் வீடு எது?"ன்னா. கடையில இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் கிளாஸுக்குள்ள பார்க்க ஆரம்பிச்சாங்க.

"அப்படி ஒரு வீடு கீழக்குடியில இருந்துச்சும்மா, எங்க மாமனார் காலத்துல பத்திக்கிச்சு. சோளத்தட்டையில பீடி விழுந்துச்சாம். உள்ள இருந்த சனம் பூரா போயிருச்சு"ன்னேன். ஊருல எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன், எல்லாரும் சொல்றாங்கன்னா பொய்யின்னு எனக்கும் தெரியும்.

"பூரா போகலக்கா. ஒரு பச்சப்பிள்ளை மிஞ்சுச்சு. கட்டையனோட தம்பி தங்கவயல்ல சுரங்க வேலை பார்த்தாரு. சேதி கேட்டு அவரு ஓடி வர்ற வரைக்கும், நெல்லுக் குதிருக்குள்ள கிடந்த பிள்ளையை எடுத்து யாரோ பால் குடுத்து வெச்சிருந்திருக்காங்க. தூக்கிட்டுப் போயிட்டாரு. அதுதான் எங்கப்பா. அந்தச் சின்னத் தாத்தாவும் சுரங்கத்துலயே சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டாரு. கட்டையன் மகன் யாரைக் கட்டுனான்னு அவருக்கே தெரியாது, அவரு இல்லாதப்ப நடந்த கல்யாணம். எங்கப்பா போன வருசம் செத்தாரு. பெத்தவ பேரு தெரியாமலே சாகுறேனேன்னு சின்னப்பிள்ளை கணக்கா அழுதாரு. அந்தப் பேரு வேணும்க்கா எனக்கு. அது இல்லாம ஊருக்குத் திரும்ப மாட்டேன்."

அதுக்காக அவ ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல எடுத்த சனக்கணக்குல பேரு இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. போய்க் கேட்டா, ஆளாளுக்கு எழுதின தாளெல்லாம் அப்பவே கூழாக்கியாச்சு, எத்தனை தலை, எத்தனை வீடுங்கிற கூட்டல் மட்டும்தான் மிச்சம்னு கையை விரிச்சுட்டாங்க. கடைசியில எங்க ஊருப் பழைய கணக்கப்பிள்ளையோட பேரன் டவுன்ல இருக்கான், அவன் வீட்டுப் பரண்ல அந்தக் கணக்கோட கச்சாப் பிரதி ஒரு கட்டு கிடந்திருக்கு, எடைக்குப் போட இருந்தவன்கிட்ட கெஞ்சி வாங்கியிருக்கா. பெட்டியைத் திறந்து காட்டுனா. கரையான் மண்ணும் ஈரமும் சேர்ந்து தாளெல்லாம் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்துச்சு. பிச்சா கிழியும், விட்டா தெரியாது. பாய்லர் ஆவியில காட்டிக் கொஞ்சம் கொஞ்சமா பிரிக்கலாம்னு நான்தான் யோசனை சொன்னேன். நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருந்தாத்தானே!

முதல் மடிப்பு பிரிஞ்சுது. டீச்சர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிச்சா, பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்குற அதே குரல்ல. "கட்டையன். வீட்டுத் தலைவன். வயசு ஐம்பத்தைந்து." அவ வாயை மூடல, பெஞ்சுல உட்கார்ந்திருந்த டெய்லர் அய்யாக்குட்டிக்கு வலது தோள்பட்டை திறந்துச்சு. சட்டை கிழியல, யாரும் தொடல. அரிவாள் எறங்குன இடம் எப்படி வாய் பிளக்குமோ அப்படி எலும்பு தெரியப் பிளந்து, ரத்தம் முழங்கை வழியா டீக்கிளாஸுல சொட்டுச்சு. "கிளாஸைக் கீழ வைடா, பெஞ்சு நாறிப்போகும்"னேன். அவன் கிளாஸைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், "எங்க தாத்தா"ன்னான். அம்புட்டுதான் சொன்னான்.

ரெண்டாவது மடிப்புல கட்டையன் பொண்டாட்டி பேரு வந்துச்சு, இருளாயி. என் வீட்டுக்காரரு சங்கிலி கொல்லையில விறகு பிளந்துட்டிருந்தவரு, ஐயோன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தாரு, முதுகுல கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பு. ஓடுன கிழவியைப் பின்னாடி இருந்து வெட்டியிருக்கான் அவரு தாத்தன், வெட்டு இருக்குற இடத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. கல்யாணத்தன்னிக்கு அந்தத் தாத்தன் போட்டோவுக்கு விழுந்து கும்பிட்டவ நான். அன்னிக்குப் போய் அந்தப் போட்டோவைக் கழட்டி அடுப்புல வெச்சேன்.

கம்பவுண்டர் வந்து தையல் போட்டாரு, தையல் பிரிஞ்சுது. மஞ்சப்பத்து வெச்சோம், நிக்கல. சாகவும் இல்லை, ஆறவும் இல்லை. ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாரு, புகார் குடுக்க ஆள் இல்லை, அடிச்ச ஆளும் இல்லை, எல்லாம் வழுக்கி விழுந்த காயம்னு எழுதிக்கிட்டு என் கடையில ரெண்டு வடை தின்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ஊரு பழகிக்கிச்சு. எதுக்குத்தான் பழகாது இந்த ஊரு? வண்ணாத்தி கூலியை ஏத்திக் கேட்டா, குடுத்தாங்க. பஸ் கண்டக்டர் கூகைக்குளத்து ஆளுக்கு மட்டும் சீட்டுல சாக்கு விரிச்சாரு.

நான் என்னவோ நினைச்சேன், மானம் ரோசம் இருக்குறவன் வெட்கப்படுவான்னு. நடந்தது வேற. டெய்லர் அய்யாக்குட்டி ஒரு வாரம் துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத் திரிஞ்சான், எட்டாம் நாள் துண்டை எடுத்துட்டான். "கட்டையன் யாரு தெரியுமா, ஒத்தைக் கையில காளையைப் புடிச்சு நிறுத்துறவன், அவனையே சாய்ச்சது எங்க தாத்தா"ன்னு என் கடையிலயே உட்கார்ந்து சொன்னான். சொல்லிட்டு டீ கேட்டான். டீச்சர் என் வீட்டுத் திண்ணையிலயே தங்கி மாசத்துக்கு ஒரு மடிப்பாப் பிரிக்க, கட்டையனோட மகன்மாரு பேரு ஒவ்வொண்ணா வர வர, வயிறு கிழிஞ்சவன், விரல் போனவன், முழங்கால் பிளந்தவன்னு ஒரு கூட்டமே நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்துச்சு. கோயில்ல முதல் மரியாதை யாருக்குன்னு இருந்த பழைய வழக்கெல்லாம் போயி, ஆழமான புண்ணு உள்ளவனுக்கு முதல் விபூதின்னு ஆச்சு. பொண்ணு பார்க்க வர்றவங்க மாப்பிள்ளையோட வெட்டைப் பார்க்கணும்னாங்க. அட கருமமே, நகையைப் பார்க்குற மாதிரி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க!

என் வீட்டுக்காரருக்கு மட்டும் மரியாதை இல்லை. கிழவியை முதுகுல வெட்டினவன் பேரன்னு பசங்க சிரிச்சாங்க. கொன்னதுலயும் தரம் பிரிக்கிறானுக பாருங்க. புண்ணே வராத வீட்டுக்காரங்க பாடு இன்னும் கேவலம், உங்க தாத்தன் அன்னிக்குக் கட்டிலுக்கு அடியில இருந்தானான்னு கேட்டாங்க. அந்தக் கேலி தாங்காம சிலதுக பிளேடு வாங்கித் தானே கிழிச்சுக்கிச்சு. பொய்ப் புண்ணு நாலு நாள்ல பக்கு கட்டிரும், ஊரே கைகொட்டும். உலகநாதன் மகன் ஒருத்தன் ஆறக்கூடாதுன்னு துருப்பிடிச்ச கத்தியால திரும்பத் திரும்பக் கிழிச்சு, தாடை பூட்டி, உடம்பு வில்லா வளைஞ்சு செத்தான். இருபத்திரண்டு வயசு. செய்யாத கொலைக்குச் செத்த மடையன் அவன் ஒருத்தன்தான்.

பேரைச் சொன்னாலே புண்ணு திரும்பத் திறக்கும்ங்கிறதை மேலத்தெருவுல பொம்பளைங்க நாங்கதான் முதல்ல கண்டுபிடிச்சோம். எங்க வீட்டுக்காரரு ஒருநாள் குடிச்சுட்டு வந்து கையை ஓங்குனாரு. "இருளாயி"ன்னேன், மெதுவாத்தான் சொன்னேன். அப்படியே முதுகைப் புடிச்சுக்கிட்டுக் குப்புற விழுந்தாரு. அன்னிக்கு மேலத்தெருவுல எந்த வீட்டுலயும் பொண்டாட்டி அடி வாங்கல, அதுக்கப்புறமும் ரொம்ப நாள் வாங்கல. செத்துப்போன அந்த அம்மாவுக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டுக்கிட்டேன்.

ஆனா எங்களுக்கு முந்தி கீழக்குடி சனம் புரிஞ்சுக்கிச்சு. அவங்க இத்தனை வருசமா வாயைத் திறக்காத சனம். ஒவ்வொரு மடிப்பு பிரியுறப்பவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிப்பாங்க, பேரைக் கேட்டுக்கிட்டுப் பேசாம போயிருவாங்க. அந்த வருசம் அங்க பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பேருகளை வெச்சாங்க. சாயங்காலமானா போதும், "ஏ இருளாயி, பால் குடிக்க வாடி", "கட்டையா, மண்ணைத் திங்காதடா"ன்னு கீழக்குடியில குரல் கேட்கும், இங்க மேலத்தெருவுல ஒவ்வொருத்தனா அலறிக்கிட்டு வேட்டியைச் சுருட்டி அமுக்கிப் பிடிப்பான். பெருமை எல்லாம் பறந்துச்சு. தாங்களா திறந்து காட்டுனாத்தான் பெருமை, அடுத்தவன் திறந்து விட்டா அவமானமாம். ஒருநாள் தடியும் அரிவாளுமா கிளம்பிப் போனாங்க. பிள்ளைகளுக்குப் பேரை மாத்துன்னாங்க. மாத்த மாட்டோம்னு ஒருத்தி, பிள்ளைக்கு இருளாயின்னு பேரு வெச்சவ, வாசல்ல நின்னா. அவ கையை ஒடிச்சாங்க. கூரையைப் பிரிச்சாங்க. ஆடுகளைக் கிணத்துல தள்ளுனாங்க. தாத்தன்மாரு செஞ்சதைப் பேரன்மாரு திரும்பச் செஞ்சுட்டு வந்து என் கடையில தண்ணி கேட்டாங்க. தர மாட்டேன்னுட்டேன். பாய்லரை அணைச்சுட்டு உள்ள போய் அழுதேன், எனக்குக் கோவத்துல அழுகைதான் வரும்.

"போதும் டீச்சர், விட்டுருங்க"ன்னு அன்னிக்கு நானே சொன்னேன்.

"எல்லாரு பேரும் வந்துருச்சுக்கா. எனக்கு வேண்டிய பேரு மட்டும்தான் வரல. ஒடிஞ்ச கையோட அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? மிச்சத்தையும் படிச்சிரு தாயின்னாங்க."

மிச்சம் கடைசி மடிப்புதான். அது தெரிஞ்சதுல இருந்து மேலத்தெரு ரெண்டு பட்டுக் கிடந்துச்சு. ஏன்னா ஊருக்கே பெரிய வீடு திருமேனி ஐயா வீடு, அந்த வீட்டுலயே ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பெரிய வீடு இல்லாமலா அன்னிக்கு நடந்திருக்கும், கடைசிப் பேரு அவங்களுக்குத்தான், ரொம்பப் பெரிய வெட்டா இருக்கும்னு இளவட்டங்க பந்தயமே கட்டுச்சு. படிங்க படிங்கன்னு டீச்சரை நெருக்குனதும் அதுகதான். வேண்டாம்னு சொன்ன ஒரே ஆளு திருமேனி ஐயா. டீச்சர் பஸ்ஸை விட்டு எறங்குன அன்னிக்கே கழுத்துல துண்டைச் சுத்துனவரு, அறுபத்திநாலு வயசு மனுசன், ரெண்டு சித்திரை வெயில்லயும் அதை எடுக்கல.

அந்த வீட்டுக்கு ஒரு கன்னித் தெய்வம் உண்டு. ஐயாவோட தாத்தாவுக்கு ஒரு மக இருந்தாளாம், வெளியூர்ல அத்தை வீட்டுக்குப் போன இடத்துல காய்ச்சல் கண்டு கல்யாணம் ஆகாமலே செத்தாளாம். வருசா வருசம் ஆடி மாசம் அவளுக்குப் பட்டுப்பாவாடையும் சட்டையும் வெச்சுப் படைப்பாங்க, மேலத்தெருவே போய்க் கும்பிடும். நானும் கும்பிட்டிருக்கேன். அவ பேரை மட்டும் யாரும் சொல்லக் கூடாது, சொன்னா தெய்வக்குத்தம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே பேரு தெரியாது.

கடைசி மடிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பிரிஞ்சுது. கடை முன்னால மேலத்தெரு பூரா நின்னுச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கீழக்குடி நின்னுச்சு. அடியில ரெண்டு வரி. மேல் வரியைச் சிவப்பு மையால குறுக்க அடிச்சிருந்துச்சு, அதனால படிக்கத் தாமதம் ஆச்சு. டீச்சர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சா.

கூட்டம் விலகுச்சு. திருமேனி ஐயா அரிவாளோட வந்து நின்னாரு.

"படிக்காதே"ன்னாரு.

"எங்கப்பனைப் பெத்தவ பேருய்யா இது"ன்னா டீச்சர்.

அவரு இடது கையால ஒரு அறை விட்டாரு. பல்லு உடைஞ்சு பெஞ்சு மேல விழுந்துச்சு, டீச்சர் தூண்ல மோதி நிமிந்தா, தாளை விடல. நான் கொதிக்கிற பால் சட்டியைத் தூக்கிட்டேன், சத்தியமா ஊத்தியிருப்பேன், ஆனா எங்க வீட்டுக்காரரு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. ஐயா அரிவாளை ஓங்குனாரு. வாய் நிறைய ரத்தத்தோட டீச்சர் படிச்சா, அதே ஆஜர் எடுக்குற குரல்ல.

"ஆவுடைத்தங்கம். கட்டையன் மகன் மாயாண்டியின் மனைவி. வயசு பத்தொன்பது. அடுத்த வரி, பெயர் வைக்காத ஆண் பிள்ளை, ஒரு மாசம்."

ஐயா கழுத்துத் துண்டு சிவந்துச்சு. ஓங்குன கை அப்படியே நிக்க, துண்டு நனைஞ்சு நெஞ்சு மேல வழிஞ்சுது. அதே நேரத்துல டீச்சர் கழுத்துலயும் இந்தக் காதுக்குக் கீழ இருந்து அந்தக் காதுக்குக் கீழ வரைக்கும் ஒரு கோடு திறந்துச்சு. வெட்டிட்டான் பாவின்னு நான் கத்தினேன். எல்லாரும் அரிவாளைப் பார்த்தோம். அரிவாள் காய்ஞ்சு இருந்துச்சு, அது யாரையும் தொடவே இல்லை. வெட்டினவன் வம்சத்துக்குத்தான் புண்ணு திறக்கும்னு ஊருல பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அந்த வம்சத்துல இவளும் ஒருத்தி.

டீச்சர் கழுத்தைத் தடவி விரலைப் பார்த்தா. அப்புறம் அவரு கழுத்தைப் பார்த்தா. அவளுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகல, எங்களுக்குத்தான் ஆச்சு.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா.

அரிவாள் கீழ விழுந்துச்சு. ஐயா என் கடைப் பெஞ்சுல உட்கார்ந்தாரு. பேசுனா கழுத்துல காத்து வந்துச்சு, ஆனாலும் பேசுனாரு. "எங்க அத்தை"ன்னாரு. "என்னைத் தூக்கி வளர்த்தவ. எனக்கு அப்ப ஆறு வயசு. அவ மாயாண்டியோட ஓடிட்டா, அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு ஊருல சொல்லி வெச்சிருந்தோம். பிள்ளையை மாமியாக் கிழவிக்குக் காட்ட ஒரே ஒரு ராத்திரி வந்திருக்காங்க. அந்த ராத்திரிதான் கணக்கெடுப்பு. யாரு எந்தக் கூரைக்குக் கீழ படுத்திருக்காங்களோ அங்கதான் எழுதணும், ஒருத்தரை மறைச்சாலும் தண்டனைன்னு தமுக்கு அடிச்சிருந்தாங்க. அந்தக் கிழவி எங்களுக்குப் பயப்படுறதை விட்டுட்டு சர்க்காருக்குப் பயந்தா. எல்லாப் பேரையும் சொல்லிட்டா. எங்க வீட்டுல தாத்தா, மக இங்கதான் இருக்கா, கல்யாணம் ஆகலன்னு எழுத வெச்சாரு. காலையில கணக்கெடுக்குற வாத்தியார் எங்க வாசலுக்கு வந்து, ஐயா, உங்க மக பேரு ரெண்டு வீட்டுல வருது, எதை அடிக்கன்னு கேட்டாரு. வெளியூர் மனுசன், ஒண்ணும் தெரியாது. அங்க இருக்கிறதை அடிங்கன்னாரு எங்க தாத்தா. வாத்தியார் சிவப்பு மையால அடிச்சாரு. அவரு பஸ் ஏறுன மறுநிமிசம் இவங்க கிளம்பிட்டாங்க. நானும் பின்னாடியே ஓடினேன். எங்கப்பா அவ காலைப் புடிச்சுக்கிட்டாரு, தாத்தா அறுத்தாரு. அவ என்னைப் பார்த்தா. கண்ணை மூடிக்கடா திருமேனின்னா. நான் மூடல."

பெரிய வீட்டுக்கு ரொம்பப் பெரிய வெட்டுன்னு பந்தயம் கட்டுன இளவட்டங்க தரையைப் பார்த்துச்சு. டெய்லர் அய்யாக்குட்டி துண்டை எடுத்துத் தோளை மூடிக்கிட்டான். நாங்க பாவாடை வெச்சுக் கும்பிட்ட கன்னி, பிள்ளை பெத்த பொம்பளை, பால் கட்டின மாரோட கழுத்தறுபட்டுச் செத்தவ. அப்பன் கையால செத்ததுக்கு யாரு பெருமைப்படுவான்?

டீச்சர் அழுவான்னு நினைச்சேன், அழல. முந்தானையால வாயைத் துடைச்சா. அவரு எதிர்ல, அதே பெஞ்சுல உட்கார்ந்தா.

"எங்கப்பாவுக்கு நீங்க மாமன் மகன். எனக்கு மாமா முறை"ன்னா.

அவரு தலையை மட்டும் ஆட்டினாரு.

"எங்கப்பா சாகுற வரைக்கும் இந்தப் பேரு தெரியாம இருந்தாரு. உங்களுக்குத் தெரியும், நீங்க சொல்லல. சொல்லுங்க மாமா."

"சொன்னா உனக்கும் அறுக்கும்மா"ன்னாரு.

"அறுக்கட்டும்."

அவரு பேரைச் சொன்னாரு. ரெண்டு கழுத்தும் ஒண்ணா திறந்துச்சு, ரத்தம் பெஞ்சு வழியா ஓடி மண்ணுல இறங்குச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன சனம் ஒவ்வொருத்தரா ரோட்டைத் தாண்டி வந்து கடை வாசல்ல நின்னாங்க, அவங்க வந்து அங்க நின்னது அதுதான் முதல் தடவை, மேலத்தெரு விலகி இடம் விட்டுச்சு. அவரு கழுத்தைப் பொத்திக்கிட்டு, போதும்மா, போதும்னாரு. டீச்சர் கையை நீட்டி அவரு கையைக் கழுத்துல இருந்து எடுத்து மடியில வெச்சா.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா"ன்னா.